புடவையைத் திருப்பிப் பாருங்கள்

பட்டுப் புடவைக்கு மிகக் கறாரான பரிசோதகர் ஒருவர் தெருவில் நடமாடுகிறார். அவருக்கு ஆய்வகம் கிடையாது. "பழைய பட்டுப் புடவை வாங்கறதே..." என்று குரல் கொடுத்தபடி போவார். கூப்பிட்டு அம்மாவின் கல்யாணப் புடவையை நீட்டினால், நிறத்தையும் முந்தியின் வேலைப்பாட்டையும் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். எந்தக் கடையில் எடுத்தது என்று கேட்கமாட்டார். கரையில் ஓரிடத்தை நகத்தால் சுரண்டுவார், கையில் தூக்கி எடை பார்ப்பார், சிலர் ஓர் இழையை உரைகல்லில் தேய்ப்பதும் உண்டு. உடனே விலை சொல்லிவிடுவார். அந்தப் புடவை கடைசியாகப் போய்ச் சேரும் இடம் நெருப்பு. பட்டு கருகிப்போகும், ஜரிகையின் வெள்ளி உருகித் தேறும். கணிப்பு பிசகினால் நஷ்டம் அவருக்குத்தான். அதனால் பெரும்பாலும் பிசகாது.

புதுப் புடவை எடுக்கிறவருக்கு இந்த வசதி இல்லை. கொளுத்திப் பார்த்தா வாங்க முடியும்? அதனால்தான் காகிதங்கள் வந்தன. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நெய்து, மடித்து, கடைக்குப் போகிற புடவையின் ஓரத்தில் இன்று ஒன்றுக்கு மேற்பட்ட சீட்டுகள் தொங்கும். ஒன்றில் மினுமினுக்கும் ஹாலோகிராம், ஒன்றில் கியூஆர் கோடு, இன்னொன்றில் அரசு முத்திரை. கடைக்காரர் அதைத் தூக்கிக் காட்டி "சர்டிபிகேட் இருக்கும்மா, ஒரிஜினல்தான்" என்பார். எதற்குச் சர்டிபிகேட் என்று நாமும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

'அசல் காஞ்சிப் பட்டு' என்று நாம் ஒரே மூச்சில் சொல்வதற்குள் தனித்தனியான சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன. நூல் பட்டுதானா? ஜரிகையில் வெள்ளி இருக்கிறதா? கையால் நெய்ததா? காஞ்சிபுரத்தில் நெய்ததா? நான்கில் ஒன்றுக்குப் பதில் தெரிந்தால் மற்றதற்கும் தெரிந்துவிடும் என்று எந்த விதியும் இல்லை. முதல் இரண்டு கேள்விகளுக்கு வேதியியலும் இயற்பியலும் ஓரளவு தெளிவாகப் பதில் சொல்லும். மூன்றாவதில் திணறும். நான்காவதில் கையை விரித்துவிடும். அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் நாம் அதிகமாகப் பணம் கொடுக்கிறோம்.

எளிதானதை முதலில் முடித்துவிடலாம். பட்டு ஒரு புரதம். மல்பெரி இலையைத் தின்னும் புழு தன் கூட்டுக்காக உமிழும் இழையில் ஃபைப்ராயின் என்ற புரதம் உள்ளே இருக்கும், செரிசின் என்ற பசை அதைப் போர்த்தியிருக்கும். சாயம் போடுவதற்கு முன் சோப்பு நீரில் கொதிக்கவைத்து அந்தப் பசையை நீக்கிவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது புரதம் மட்டும் என்பதால் நெருப்பில் அது முடி கருகுவதுபோல நாறும். சுடரைவிட்டு எடுத்தால் தானே அணையும். நுனியில் தங்கும் கரியை விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியெஸ்டர் அப்படியில்லை, உருகிச் சொட்டிக் கெட்டியான மணியாக இறுகும். விஸ்கோஸ் காகிதம்போல எரிந்து சாம்பலாகும். துணி வெளுக்கும் ஹைப்போகுளோரைட் கரைசலில் போட்டால் பட்டு கரைந்தே போகும், பருத்தியும் பாலியெஸ்டரும் அசையாது. இழையை எரிக்காமல் பார்க்க வேண்டுமென்றால் அகச்சிவப்புக் கதிர் இருக்கிறது. புரதத்தின் அமைடு பிணைப்புகள் குறிப்பிட்ட அலைநீளங்களை விழுங்கிக்கொள்ளும், பாலியெஸ்டரின் எஸ்டர் பிணைப்புகள் வேறு அலைநீளங்களை விழுங்கும்.

வீட்டில் எரித்துப் பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. முந்திக் குஞ்சத்தில் தொங்கும் நூல் பாவு நூல், அதாவது புடவையின் நீளவாக்கில் ஓடுவது. அது சுத்தமான பட்டாக இருந்து, குறுக்கே ஓடும் ஊடை வேறு நூலாக இருக்க முடியும். குஞ்சத்தை எரித்து நிம்மதி அடைந்தவர் பாதிப் புடவையைத்தான் சோதித்திருக்கிறார். ஊடையிலும் ஓர் இழை உருவ வேண்டும்.

இந்த முதல் கேள்விக்கான சீட்டுதான் சில்க் மார்க். மத்தியப் பட்டு வாரியத்தின் முன்முயற்சியில் 2004இல் வந்தது. எண்ணிட்ட ஹாலோகிராம் சீட்டு, இயற்கைப் பட்டு என்பதற்கு உத்தரவாதம். அதைத் தாண்டி அது எதையும் சொல்லவில்லை. விசைத்தறியில் ஓடிய பட்டுக்கும் அதை நேர்மையாகவே மாட்டலாம். ஜரிகை பிளாஸ்டிக்காக இருந்தாலும் மாட்டலாம். சில்க் மார்க் பொய் சொல்லவில்லை, நாம்தான் அதன் வாயில் வேறு வார்த்தைகளைப் போடுகிறோம்.

ஜரிகைக்கு வருவோம். விலையும் வில்லங்கமும் அங்கேதான். மெல்லிய உலோகக் கம்பியைத் தட்டையாக்கி, பட்டு இழை ஒன்றின்மேல் சுருளாகச் சுற்றி, மேலே தங்க முலாம் ஏற்றினால் அது அசல் ஜரிகை. இந்தத் தொழிலின் தலைநகரம் சூரத். வெளிமாநிலத்தை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று தமிழக அரசு 1971இல் காஞ்சிபுரத்திலேயே தமிழ்நாடு ஜரிகை நிறுவனத்தைத் தொடங்கியது. கூட்டுறவுச் சங்கங்களுக்கு அது தரும் அசல் ஜரிகையின் கலவை எடைப்படி இப்படி: வெள்ளி 40 விழுக்காடு, செம்பு 35.5, பட்டு நூல் 24, தங்கம் 0.5. ஊரில் ஜரிகையை 'மார்க்' கணக்கில் வாங்குகிறார்கள். ஒரு மார்க் ஏறத்தாழ 240 கிராம். அதில் தங்கம் ஒரு கிராமும் கொஞ்சமும்தான். மொத்தப் புடவையும் பொன்னாக மின்னுவது அந்தச் சொற்பத் தங்கம் செய்கிற வேலை. மிக மெல்லிய முலாமே ஒளியைத் திருப்பியனுப்பப் போதும் என்பது தங்கத்தின் குணம்.

அசலுக்குக் கீழே வகைகள் பல. செம்புக் கம்பியின்மேல் வெள்ளி முலாம் பூசியது உண்டு. பாலியெஸ்டர் படலத்தில் அலுமினிய ஆவியைப் படியவைத்து, நாடாவாகக் கிழித்துச் சுற்றியதும் உண்டு. கடை விளக்கின் கீழ் மூன்றும் ஒன்றுபோலத்தான் ஜொலிக்கும். சுரண்டினால் உள்ளே சிவப்பு நூல் தெரிந்தால் அசல் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அந்தச் சோதனை ஊருக்கே தெரிந்த நாளிலேயே அதன் ஆயுள் முடிந்துவிட்டது. எந்த நூலையும் சிவப்புச் சாயத்தில் முக்கலாம், இதற்கென்ன பெரிய தந்திரம் வேண்டும்?

வேதியியல் முறை பழையது, நம்பகமானது. ஜரிகை இழையை நைட்ரிக் அமிலத்தில் போட்டால் வெள்ளியும் செம்பும் கரையும். தங்கம் கரையாமல் துகளாக நிற்கும். கரைசலில் உப்பு நீர் விட்டால் வெள்ளி இருக்கும் பட்சத்தில் தயிர்போலத் திரண்ட வெண்மை விழும். அது சில்வர் குளோரைடு, வெயிலில் வைத்தால் ஊதா கலந்து கறுக்கும். மிச்சக் கரைசலில் அம்மோனியா சேர்த்தால் செம்பு அடர்நீலமாகத் தன்னைக் காட்டிக்கொள்ளும். விழுந்ததை உலர்த்தி எடைபோட்டால் விழுக்காடும் கிடைத்துவிடும். ஆனால் இழை போய்விடும். ஒரு புடவைக்கு ஓர் இழை என்றால் பரவாயில்லை, கரையில் ஓரிடத்தில் இருப்பதுதான் எல்லா இடத்திலும் இருக்கிறது என்று யார் சொன்னது?

அதனால் இப்போது எக்ஸ்ஆர்எஃப் வந்திருக்கிறது. நகைக்கடையில் மோதிரத்தை வைத்துத் 'தங்கம் 91.6' என்று திரையில் காட்டுகிறார்களே, அதே கருவி. எக்ஸ் கதிர் ஓர் அணுவைத் தாக்கும்போது உட்கூட்டில் இருக்கும் எலக்ட்ரான் தெறித்து வெளியேறும். வெளிக்கூட்டு எலக்ட்ரான் ஒன்று அந்தக் காலியிடத்துக்கு இறங்கும். இறங்கும்போது மிஞ்சும் ஆற்றல் இன்னொரு எக்ஸ் கதிராக வெளியே வரும். அந்த ஆற்றல் தனிமத்துக்குத் தனிமம் வேறுபடும். வெள்ளிக்கு 22.2 கிலோ எலக்ட்ரான் வோல்ட், செம்புக்கு 8.0, தங்கத்துக்கு 9.7. அணு எண்ணுக்கும் இந்தக் கதிருக்கும் உள்ள ஒழுங்கை 1913இல் கண்டவர் ஹென்றி மோஸ்லி என்ற ஆங்கிலேய இளைஞர். இரண்டு வருடத்தில், 27 வயதில், முதல் உலகப் போரில் கலிப்போலியில் குண்டடிபட்டு இறந்துபோனார்.

இந்தக் கருவியை நம்பலாம், ஆனால் அது காட்டும் எண்ணை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் போன்ற லேசான அணுக்கள் உமிழும் கதிர் மிகவும் பலவீனம், காற்றிலேயே அடங்கிவிடும். பட்டு நூல் அந்த அணுக்களால் ஆனது. ஆகவே கருவியின் கண்ணுக்குப் பட்டு தெரியாது, உலோகம் மட்டுமே தெரியும். மேலே சொன்ன கலவையில் பட்டு 24 போக உலோகம் 76. அந்த 76ஐ முழுசாக, நூறாக, எடுத்துக்கொண்டால் வெள்ளி 52.6 விழுக்காடு, செம்பு 46.7, தங்கம் 0.66. ஒரே ஜரிகைதான், ஒரு காகிதத்தில் 40 என்றும் திரையில் 52.6 என்றும் வெள்ளி வருகிறது. இரண்டும் சரி. நேர்மையற்ற வியாபாரி நினைத்தால், வெள்ளி குறைந்த ஜரிகையைத் திரையில் 40 என்று காட்டி, "அரசாங்கக் கணக்கும் நாற்பதுதானே" என்று சொல்லிவிடலாம். அப்போது நூலையும் சேர்த்த உண்மையான அளவு 30 அளவில்தான் இருக்கும். ஜரிகை விழுக்காடு எழுதிய எந்தச் சான்றிதழைக் கண்டாலும், நூலைச் சேர்த்த கணக்கா, உலோகத்தை மட்டும் எடுத்த கணக்கா என்று கேட்காமல் நகரக் கூடாது என்பேன்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. செம்பின்மேல் வெள்ளி பூசிய கம்பியில், உள்ளிருக்கும் செம்பு அனுப்பும் 8 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிர் வெள்ளிப் படலத்தைத் தாண்டி வெளியே வர வேண்டும். படலம் 5 மைக்ரோமீட்டர் தடிமன் இருந்தாலே அந்தக் கதிரில் பாதிக்கு மேல் வழியிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். கருவி செம்பைக் குறைத்தும் வெள்ளியைக் கூட்டியும் சொல்லும். அது பார்ப்பது மேல்தோலைத்தான். சந்தேகம் வலுத்தால் மறுபடியும் அமிலத்துக்குத்தான் போக வேண்டும். சேதமில்லாத சோதனை மேலோட்டமானது, ஆழமான சோதனை சேதம் செய்வது. தெருவில் கூவிப் போகிறவர் கொடுத்துவைத்தவர், இரண்டாவதைச் செய்ய அவருக்குத் தடை ஒன்றும் இல்லை.

சரி, கைத்தறியா விசைத்தறியா? இங்கே அணுவும் மூலக்கூறும் உதவாது. இரண்டிலும் ஒரே பட்டு, ஒரே ஜரிகை. தடயம் துணியின் கட்டமைப்பில் இருக்கிறது. அதைப் பார்க்கப் புடவையைத் திருப்ப வேண்டும்.

பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டில் தறி குழிக்குள் இறங்கியிருக்கும். குழியில் காலை விட்டு உட்கார்ந்து, மிதியை மிதித்துப் பாவைப் பிரித்து, ஊடை நூலைச் சுமக்கும் நாடாவை எறிந்து, பலகையை இழுத்து அடிப்பார். காஞ்சிப் புடவையின் பெயர்பெற்ற வேலை கோர்வை. உடல் ஒரு நிறம், கரை முற்றிலும் வேறு நிறம், ஒன்றின் சாயல்கூட மற்றதில் விழாது. இது வர வேண்டுமானால் ஒரே ஊடை துணியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடக் கூடாது. இரண்டு கரைக்கும் இரண்டு நாடா, உடலுக்கு ஒரு நாடா, ஆக மூன்று. ஒவ்வொரு ஊடைக்கும் உடல் நூல் எல்லையில் கரை நூலைக் கொக்கிபோட்டுப் பிடித்துத் திரும்ப வேண்டும். ஒரு பக்கக் கரை நெசவாளரின் கைக்கு எட்டும், மறுபக்கக் கரைக்கு இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து நாடாவை வாங்கிக் கொடுக்க வேண்டும். மனைவியோ மகனோ மகளோ அந்த இடத்தில் இருப்பார்கள். கோர்வைப் புடவையை ஒருவர் நெய்தார் என்பது பேச்சுக்குச் சொல்வது.

அந்த எல்லைக் கோட்டை ஒரு பூதக் கண்ணாடியில் பாருங்கள். மேல்பக்கம் நேர்கோடாகத் தெரிவது, மறுபக்கம் சின்னச் சின்னப் பற்களாக ஏறி இறங்கும். உடலின் நூல் கரைக்குள் ஓர் இழை நுழைந்து பிடித்துக்கொண்டு திரும்பியிருக்கும். கரையின் நூலும் அப்படியே. பற்கள் எல்லாம் ஒரே அளவில் இருக்காது. ஓரிடத்தில் கொக்கி இறுகியிருக்கும், அடுத்ததில் சற்றுத் தளர்ந்திருக்கும். விரல் நுனியால் கோட்டோடு தடவிப் போனால் மெல்லிய மேடு தட்டுப்படும். முந்தி சேரும் இடத்தில் இன்னொரு தடயம். உடலின் பாவை அறுத்து, முந்தி நிறத்துப் பாவை இழை இழையாகப் பிணைத்திருந்தால், அந்தப் பட்டையில் இரண்டு பாவும் ஒன்றன்மேல் ஒன்று கிடந்து துணி கனத்திருக்கும், அடியில் வெட்டிய நூல் நுனிகள் மயிர்க்காலாக நிற்கும். பெட்னி என்கிற இந்த வேலையை அவசரத்தில் செய்ய முடியாது.

சாதாரண விசைத்தறியில் ஊடை ஓரத்திலிருந்து ஓரத்துக்கு ஓடும். கரைக்குள் உடல் நிறம் கலங்கித் தெரியும், அல்லது ஜரிகையால் அடர்த்தியாக மூடி மறைத்திருப்பார்கள். அதனால் மூன்று நாடாக் கோர்வை இருந்தால் கைத்தறி என்று துணிந்து சொல்லலாம். தலைகீழாகச் சொல்ல முடியாது. கோர்வை இல்லாமல், ஒற்றை நாடாவில் கைத்தறியிலேயே ஏராளமான புடவைகள் நெய்கிறார்கள். கூலிக்கும் நேரத்துக்கும் அதுதான் கட்டுப்படியாகிறது. அந்தப் புடவையைத் திருப்பிப் பார்த்து "கோர்வை இல்லை, விசைத்தறிதான்" என்று தீர்ப்பு சொல்வது நெய்தவருக்குச் செய்யும் அநியாயம்.

கோர்வை இல்லாத துணியில் என்ன செய்வது? ஊடைகளுக்கு இடையிலான தூரத்தை அளக்கலாம். விசைத்தறியில் பல்சக்கரம் ஒன்று ஒவ்வோர் ஊடைக்கும் துணியை ஒரே அளவு இழுத்துச் சுற்றுகிறது. மனிதக் கை அப்படி அடிக்காது. காலையில் அடித்த அடியும் சாப்பிட்டு வந்து அடித்த அடியும் ஒன்றல்ல. துணியைச் சுருட்டிவிட்டு மறுபடி தொடங்கும் இடத்தில் சில ஊடைகள் நெருங்கியோ விலகியோ விழும். துணியை நெருக்கமாகப் படமெடுத்து, ஒளி ஏற்றத்தாழ்வை அலைகளாகப் பிரிக்கும் ஃபூரியே கணிதத்துக்குக் கொடுத்தால், விசைத்தறித் துணி ஒரே அதிர்வெண்ணில் கூர்மையான முகடு காட்டும், கைத்தறித் துணியின் முகடு அகன்று பரந்திருக்கும். நல்ல முறைதான், ஆனால் அதற்கு ஒரு கோணல் புத்தி உண்டு. கை எவ்வளவு தேர்ந்ததோ அவ்வளவுக்கு முகடு கூராகும். ஊரிலேயே சிறந்த நெசவாளரின் புடவையை இயந்திரம் சந்தேகப்படும்.

இதனால்தான் 2006இல் வந்த கைத்தறி முத்திரை துணியைச் சோதிப்பதைவிட உற்பத்தியாளரைப் பதிவுசெய்வதை நம்புகிறது. இன்ன இடத்தில் இன்னாருக்குத் தறி இருக்கிறது, நேரில் பார்த்தோம் என்பதுதான் அதன் அடிப்படை. 2015 ஆகஸ்ட் 7 அன்று முதல் தேசியக் கைத்தறி நாளில் சென்னையில் பிரதமர் தொடங்கிவைத்த இந்தியா ஹேண்ட்லூம் பிராண்ட், இதோடு சாயம், நூல் தரத்தையும் சேர்த்துக்கொண்டது. அறிவியல் நின்ற இடத்தில் பதிவேடு ஆரம்பிக்கிறது.

நான்காவது கேள்விக்கு, காஞ்சிபுரமா என்பதற்கு, பதிவேடு மட்டுமே கதி. உணவுப் பொருளில் ஊரைக் கண்டுபிடிக்க விஞ்ஞானிகள் கையாளும் வழி ஒன்று இருக்கிறது. ஓர் ஊரின் மழைநீரில் ஆக்சிஜன் ஐசோடோப்புகள் எந்த விகிதத்தில் இருக்கின்றனவோ, மண்ணில் ஸ்ட்ரான்சியம் ஐசோடோப்புகள் எந்த விகிதத்தில் இருக்கின்றனவோ, அது அங்கே விளைந்த பயிரிலும் படிந்திருக்கும். திராட்சை மதுவையும் தேனையும் இப்படி ஊர் பிரிக்கிறார்கள். பட்டிலும் செய்யலாம், மல்பெரி இலை எங்கே வளர்ந்ததோ அந்த மண் தெரிந்துவிடும். அதில்தான் சிக்கல். காஞ்சிபுரத்துத் தறியில் ஏறும் பட்டு பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருவது. ஜரிகைத் தொழிலின் வேர் சூரத்தில். வெள்ளி பூமியின் எந்தச் சுரங்கத்தில் கிடைத்ததோ. காஞ்சிபுரத்துத் தண்ணீரில் சாயம் போட்டால்தான் அந்தப் பளபளப்பு வரும் என்று ஊரார் சொல்வதுண்டு. நம்பினாலும் நம்பாவிட்டாலும், அலசிக் காய்ந்தபின் தண்ணீர் துணியில் தங்குவதில்லை. அணு அணுவாகப் பிரித்தாலும் காஞ்சிப் பட்டில் காஞ்சிபுரம் கிடைக்காது. அந்த ஊர் அதில் சேர்த்தது வேலையை மட்டும்.

புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999இல் நிறைவேறி 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. காஞ்சிபுரம் பட்டு 2005இல் பதிவானது. பதிவகம் பக்கத்திலேயே, சென்னை கிண்டியில். பொய்யாக அந்தப் பெயரைப் போட்டு விற்றால் ஆறு மாதம் முதல் மூன்று வருடம்வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம்வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. டார்ஜிலிங் தேயிலைக்கும் இதே சட்டம்தான். ஆனால் தேயிலையில் மலை இருக்கிறது, மண் இருக்கிறது, மழை இருக்கிறது. பட்டில் ஊரை நிறுவ, இன்ன சங்கத்தில் இன்ன நெசவாளருக்கு இவ்வளவு பட்டும் இவ்வளவு ஜரிகையும் கொடுத்து இந்தத் தேதியில் புடவையாக வாங்கினோம் என்ற பதிவுதான் இருக்கிறது. கூட்டுறவுச் சங்கங்கள் இதைக் காலங்காலமாகக் கணக்குக்காக எழுதிவந்தன. நெசவாளருக்குக் கொடுத்த நூலும் அவர் கொண்டுவந்த புடவையும் எடையில் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக எழுதியது அது. அதைவிடச் சிறந்த பிறப்புச் சான்று புடவைக்கு இல்லை என்பது என் எண்ணம்.

பழைய புடவை சேகரிப்பவர்களின் உலகம் வேறு. அங்கே கேள்வி வயது. 1930களின் புடவை என்று சொல்லி விற்பார்கள், சங்கப் பதிவேடு எதுவும் கூடவராது. இங்கே இயற்பியல் எதிர்பாராத உதவி செய்கிறது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெட்டவெளியில் வெடித்த அணுகுண்டுகளால் காற்றில் கார்பன் 14 ஏறக்குறைய இருமடங்கானது. 1963இல் ஒப்பந்தம் போட்டுப் பெரும்பாலும் நிறுத்தியபின் மெல்ல மெல்லக் குறைந்தது. பட்டுப்புழு அந்தப் பருவத்து இலையைத் தின்று அந்தப் பருவத்திலேயே நூலாக்குகிறது. அதனால் நூலில் அணுகுண்டுக் கார்பன் இருந்தால் அது 1930களின் பட்டு அல்ல, தீர்ந்தது. இன்னும் மலிவான வழி, ஜரிகையில் பாலியெஸ்டர் இருக்கிறதா என்று பார்ப்பது. பாலியெஸ்டர் இழை இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்டதே 1941இல்தான்.

இனி, சீட்டைப் பற்றியே கொஞ்சம். புடவைக்கும் சீட்டுக்கும் இடையே இருப்பது ஒரு நூல் முடிச்சு. கத்தரித்து வேறொன்றில் கட்டலாம். கியூஆர் கோடு மேல் என்கிறார்கள். அதைப் போனில் ஸ்கேன் செய்தால் எங்கோ ஒரு கணினி, "இந்த எண் எங்களிடம் இருக்கிறது" என்று சொல்லும். கையில் இருக்கும் புடவைதான் அந்த எண்ணுக்கு உரியதா என்று அதற்குத் தெரியாது. ஓர் அசல் சீட்டைப் படமெடுத்து ஆயிரம் அச்சடித்தாலும் ஆயிரமும் 'சரி' என்றே வரும், யாராவது எத்தனை முறை ஸ்கேன் ஆனது என்று எண்ணினால் தவிர. தங்கத்தில் இதைச் சமாளித்தார்கள். 2023 ஏப்ரல் முதல் ஒவ்வொரு ஹால்மார்க் நகையிலும் ஆறு எழுத்து எண்ணை லேசரால் நகையிலேயே பொறித்தாக வேண்டும். ஸ்காட்லாந்தின் வடமேற்குத் தீவுகளில் வீட்டுத் தறியில் நெய்யும் ஹாரிஸ் ட்வீட் கம்பளியில், 1911 முதல் ஆய்வாளர் துணியைப் பார்த்துத் துணியின் மேலேயே முத்திரை குத்துகிறார். அந்தத் துணிக்கென்றே 1993இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தனிச் சட்டமும் போட்டது. அமெரிக்காவில் கையால் கடையும் பில்லியர்ட்ஸ் கோல்களுக்கு, செய்தவர்கள் சிலர் கையெழுத்திட்ட சான்றிதழ் தருவார்கள், கோலிலும் ஒப்பமிடுவார்கள். புரூக்ளினில் கடைந்த ஜார்ஜ் பலபுஷ்கா 1975இல் இறந்தபின் அவர் பெயரில் போலிகள் பெருகின. அங்கே விலை ஒரு தனிமனிதரின் பெயருக்கு. இங்கே சாயம் போட்டவர், பாவு ஓடியவர், ஊடை நூலைத் தாரில் சுற்றியவர், எதிர்ப்பக்கம் உட்கார்ந்து நாடா வாங்கிக் கொடுத்தவர் என்று கைகள் பல. யார் கையெழுத்துப் போடுவது?

பட்டில் லேசரால் பொறித்தாலோ முத்திரை குத்தினாலோ யாரும் உடுத்தமாட்டார்கள். ஆனால் பொறிக்காமலே ஒரு வழி இருக்கிறது. 2009இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாதாரண ஸ்கேனரைக் கொண்டு வெற்றுக் காகிதத்தின் நார் அமைப்பைப் படமெடுத்து, ஒவ்வொரு தாளும் தனி என்று அடையாளம் காட்டினார்கள். தாளில் எதையும் சேர்க்கவில்லை, அதன் இயல்பான ஒழுங்கின்மையே கைரேகையானது. கைத்தறிக் கோர்வையில் அந்த ஒழுங்கின்மை காகிதத்தைவிடப் பெரியது, சாதாரணப் போன் கேமராவுக்கே சிக்கக்கூடியது. சங்கத்தில் புடவையை வாங்கி எடைபோடும் அன்றே, கோர்வையின் மறுபக்கத்தில் முந்தியிலிருந்து ஒரு சாண் நீளத்தை அளவுகோலோடு படமெடுத்துப் பதிவேட்டு எண்ணோடு சேர்த்துவைத்தால் போதும். பட்டு உடுத்த உடுத்த நீளும், அலசினால் சுருங்கும், இஸ்திரியில் நெளியும். அதனால் பற்களுக்கு இடையிலான தூரத்தை ஒப்பிட்டுப் பயனில்லை. எத்தனையாவது பல்லில் கொக்கி தளர்ந்தது, எத்தனையாவதில் இரண்டு ஊடை சேர்ந்து மாட்டியது என்ற வரிசையை ஒப்பிட வேண்டும். துணி எவ்வளவு நீண்டாலும் சுருங்கினாலும் முப்பத்தேழாவது பல் முப்பத்தெட்டாவது ஆகாது.